சிம்நெட்

தூரதேசங்களிலுள்ள படைவீரர்கள், தத்தம் இடத்தை விட்டு அகலாமலே, ஒரே கற்பனைப் போர்க்களத்தில் ஒருவரையொருவர் கண்டும் எதிர்த்தும் பயிலும்படி டாங்கி சிமுலேட்டர்களை, அதாவது டாங்கியின் உட்புறத்தைப் போல் அமைந்த பயிற்சிக் கூண்டுகளை, கணிப்பொறி வலையால் பிணைத்த முதற் பெருமுயற்சி, அமெரிக்காவின் டார்ப்பா என்னும் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1983-இல் தொடங்கிய சிம்நெட் ஆகும். விமானப்படை அதிகாரி ஜாக் தார்ப் இதன் மூலபுருஷர். பிபிஎன் முதலிய கம்பெனிகள் இதற்கு உருவம் கொடுத்தன. கென்டக்கி மாநிலத்து ஃபோர்ட் நாக்ஸ் இதன் முக்கியப் பயிற்சி நிலையங்களுள் ஒன்றாயிருந்தது.

அதற்கு முந்திய சிமுலேட்டர்கள் தனிமனிதனின் கைத்திறனை வளர்த்தனவேயன்றி, பல டாங்கிகள் கூடி ஒரு காரியத்தைச் சாதிக்கும் வித்தையைக் கற்பிக்கவில்லை. அந்த வித்தைக்கு எது அவசியமோ அதை மட்டும் மெய்யாகச் சமைத்தால் போதுமென்று தார்ப் துணிந்தார். ஆகையால் சிம்நெட் கூண்டுகளில் பல பொத்தான்கள் வெறும் சித்திரங்களாகவே இருந்தன. செலவைக் குறைத்துக் கூண்டுகளின் எண்ணிக்கையைப் பெருக்க இடம் தந்த அத்துணிவே இத்திட்டத்தின் உயிர்நாடி என்பது நம் அபிப்பிராயம்.

அதன் உள்ளமைப்பும் அதே சிக்கனத்தைப் பின்பற்றியது. யாவற்றையும் ஆளும் மத்தியக் கணிப்பொறி அங்கு இல்லை. ஒவ்வொரு கூண்டும் தன் டாங்கியின் இருப்பிடம், திசை, வேகம் ஆகியவற்றைத் தானே பேணும். மற்ற கூண்டுகள், கரை காணாத மாலுமி கப்பலின் நிலையைக் கணிப்பதுபோல, கடைசியாகக் கிடைத்த செய்தியைக்கொண்டு அந்த டாங்கி இந்நேரம் எங்கிருக்குமென்று ஊகித்துத் திரையில் காட்டும். பிறர் தன்னைப் பற்றிச் செய்யும் அவ்வூகத்தைத் தானும் கணித்துக்கொண்டே வரும் கூண்டு, உண்மை நிலை அதிலிருந்து குறித்த அளவுக்குமேல் விலகும்போது புதுச் செய்தி அனுப்பும். இதனால் வலையின் பாரம் பெரிதும் குறைந்தது. குண்டு பட்ட இடத்தைச் சுட்டவன் அறிவிக்க, விளைந்த சேதத்தைத் தாக்குண்டவனின் கணிப்பொறியே நிர்ணயித்தது.

வலையில் சென்ற செய்திகளையெல்லாம் பதிவு செய்யும் சாதனமும் இருந்தது. பயிற்சி முடிந்தபின் சண்டையை மேலிருந்து நோக்கும் வரைபடமாகவோ, கண்ணுக்குப் புலனாகாத ஊர்தியில் களமெங்கும் திரிந்தோ மறுபடி பார்க்க முடிந்ததால், யார் எப்பொழுது எங்கே தவறினார் என்பது வாதத்துக்கு இடமின்றி விளங்கியது. பயிற்சியின் பெரும்பயன் இம்மறுபார்வையிலேயே விளைந்ததென்று சொல்லலாம்.

1990-இல் தரைப்படையின் வசமான சிம்நெட்டின் செய்திமுறை, விரிவடைந்து 1993-இல் ஐஇஇஇ என்னும் பொறியாளர் கழகத்தின் 1278 என்ற பொது நியமமாயிற்று; வேறு வகைச் சிமுலேட்டர்களையும் இணைக்கவல்ல ஐஇஇஇ 1516 நியமம் 2000-இல் பிறந்தது.

இத்தொழில்நுட்பத்தின் சரித்திரப் பிரயோகம், 1991 பிப்ரவரி 26-இல் இராக்கின் பாலைவனத்தில், வளைகுடாப் போரின்போது, அமெரிக்கக் காப்டன் மக்மாஸ்டரின் ஈகிள் படைப்பிரிவும் அதனோடு போரிட்ட பிற பிரிவுகளும் இராக்கியக் குடியரசுக் காவற்படையின் ஒரு பகுதியை முறியடித்த 73 ஈஸ்டிங் சண்டையைப் பற்றியது. போர்க்களத் தடயங்களையும் போரிட்டவர்களின் வாக்குமூலங்களையும் திரட்டி, டாங்கிகளின் நகர்வு கணத்துக்குக் கணம் கணிப்பொறியில் மீண்டும் அமைக்கப்பட்டது. பின்னர் ஸ்டீபன் பிடில் என்னும் ஆராய்ச்சியாளர் இச்சண்டையின் நிபந்தனைகளை மாற்றி நடத்தப்பட்ட கணிப்பொறிச் சோதனைகளை ஆராய்ந்து, அமெரிக்கரின் சேதம் அவ்வளவு சொற்பமாயிருந்ததற்கு அவர்களுடைய உயர்ந்த கருவிகள் மட்டுமன்றி, இராக்கியர் காவல் வைப்பதிலும் பதுங்குநிலை அமைப்பதிலும் செய்த பிழைகளும் சேர்ந்தே காரணமென்று 1996-இல் எழுதினார்.