கைக்கிளையும் எதிரொலியும்



ஒருதலைக் காதலுக்கு நம் இலக்கணம் இட்ட பெயர் கைக்கிளை. ‘கை’ என்பதற்குச் சிறுமை என்றும் பக்கம் என்றும் பொருள் சொல்வார்கள். கிளை என்பது உறவு. தொல்காப்பியர் ஏழு திணைகளை எண்ணும்போது கைக்கிளையை முதலிலும், பொருந்தாக் காமமாகிய பெருந்திணையை இறுதியிலும் வைத்தார். நடுவில் நின்ற ஐந்துக்கே பொழுதும் பூவும் கிடைத்தன. குறிஞ்சிக்குக் கூதிர்காலமும் யாமமும் உண்டு. நெய்தலுக்கு எற்பாடு உண்டு. கைக்கிளைக்கு நிலம் இல்லை, பருவம் இல்லை, பூவும் இல்லை. விரும்பப்படாதவர் ஒதுங்கி நிற்க ஒரு மரநிழல்கூட அங்கே வகுக்கப்படவில்லை.

இதை நினைக்கும்போதுதான், ஒருதலைக் காதலை ஹைக்கூவில் எழுதுவது எத்தனை சிக்கலான காரியம் என்பது விளங்குகிறது. யப்பானிய மரபில் ஹைக்கூவுக்குப் பருவச்சொல்லே உயிர்நிலை. தவளையோ பனியோ உதிரும் பூவோ, ஏதாவதொன்று இது எந்தக் காலம் என்று சொல்லிவிட வேண்டும். பாஷோவின் நாளில் (1644–1694) அது பலர் கூடிப் பாடும் தொடர்கவிதையின் தொடக்கப் பாட்டு. அதைத் தனிக்கவிதையாகப் பிரித்து, ஹைக்கூ என்ற பெயரை நிலைபெறச் செய்தவர் மசாவோகா ஷிகி (1867–1902). காதலைப் பாட அவர்களிடம் வேறு வடிவம் இருந்தது. அது ஐந்தடித் தான்கா. ஒன்பதாம் நூற்றாண்டிலே ஓனோ நோ கொமாச்சி என்ற பெண், காதலனைக் கனவில் தேடிப் பாடியது அந்த வடிவத்தில்தான். தொடர்கவிதையிலும் காதலுக்கென்று இடம் ஒதுக்கியிருந்தார்கள். ஆனால் தொடக்கப் பாட்டில் அல்ல, நடுவில். ஆகவே காதல் ஹைக்கூ பிறந்த வீட்டிலேயே சற்று விலகி வளர்ந்த பிள்ளை.

தமிழுக்கு இந்த வடிவத்தை அறிமுகம் செய்தவர் பாரதியார். 1916 ஒக்டோபரில் சுதேசமித்திரனில் அவர் யப்பானியக் கவிதை பற்றி ஒரு கட்டுரை எழுதினார். யோனே நொகுச்சியின் கருத்துகளை எடுத்துக்காட்டி, சொல்லாமல் விடுவதன் அழகை அதில் வியந்தார். ஆனால் தமிழில் ஹைக்கூ தனித் தொகுதியாக வருவதற்கு 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு அமுதபாரதியின் ‘புள்ளிப் பூக்கள்’ வெளிவந்தது. அதன் பின்னர் வாரமலர்களில் மூன்று வரிகள் மழைக்காலத்து ஈசல்போலப் பெருகின. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் கடதாசிக்குத் தட்டுப்பாடு. மூன்று வரிக்கவிதைக்கு அதிகம் இடம் வேண்டாம் என்பதும் அதற்கு இங்கே கிடைத்த ஆதரவுக்கு ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்று நான் நினைப்பதுண்டு.

அந்த மூன்று வரிகளுக்குள் கிரேக்கக் கதைகள் எப்படி வந்தன? யவனரைச் சங்கப் புலவர்கள் அறிவார்கள். அவர்களுடைய நறுந்தேறலும் பாவை விளக்கும் பாட்டிலே இடம்பெற்றன. பொருள் இறங்கியது, கதை இறங்கியதற்கு அந்தப் பாட்டுகளில் தடயம் இல்லை. நம் பகுதிக்குக் கிரேக்கம் பாடமாக வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில், அமெரிக்க மிஷனரிமாருடன். அவர்கள் 1816இல் யாழ்ப்பாணம் வந்தார்கள். வட்டுக்கோட்டைச் செமினறி 1823இல் தொடங்கியபோது, குருத்துவப் பணிக்குத் தெரிவுசெய்யப்படும் சிலருக்குக் கிரேக்கமும் எபிரேயமும் கற்பிப்பது அதன் திட்டத்திலே இருந்தது. 1824இல் உடுவிலில் ஹரியற் வின்சிலோ அம்மையார் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கினார். அவருடைய கணவர் மிரன் வின்சிலோ, பிற்காலத்தில் அறுபத்தேழாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்ட தமிழ்–ஆங்கில அகராதியை 1862இல் வெளியிட்டவர். அவர்கள் கொணர்ந்த கிரேக்கம் சுவிசேஷத்தின் கிரேக்கம். அப்பொலோவும் பானும் அதில் வரமாட்டார்கள். அந்தத் தெய்வங்கள் நம் வகுப்பறைக்குள் நுழைந்தது ஆங்கிலக் கவிதையின் பின்கதவால்.

அந்தச் செமினறியில் படித்த ஒருவர்தான் கைக்கிளைக்கு அச்சுவாழ்வு கொடுத்தார். உடுவிலுக்குக் கிழக்கே சில மைல் தொலைவிலுள்ள சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும், 1887இல் கலித்தொகையையும் பதிப்பித்தார்கள். மேல்நாட்டுக் கல்வியும் ஏட்டுச்சுவடியும் ஒரே கையிற் சேர்ந்த நிகழ்ச்சி அது.

இனிக் கதைக்கு வருவோம். எக்கோ ஒரு வனதேவதை. உரோமக் கவிஞன் ஓவிட், கி.பி. 8ஆம் ஆண்டளவில் முடித்த ‘உருமாற்றங்கள்’ என்ற காவியத்தில் அவள் கதையைச் சொல்கிறான். தேவராணியின் சாபத்தால் அவளாக ஒன்றும் பேச முடியாது. பிறர் பேச்சின் கடைசிச் சொல்லைத் திருப்பிச் சொல்லலாம், அவ்வளவே. அவள் நார்சிசஸ் என்ற இளைஞனை விரும்புகிறாள். அவன் உதறுகிறான். அவள் உடல் கரைந்து, எலும்பு கல்லாகி, குரல் மட்டும் மலையிலே எஞ்சுகிறது. அவனோ சுனைநீரிற் கண்ட தன் நிழலையே விரும்பி மாய்ந்து பூவாகிறான்.

தொல்காப்பியம் சொல்லும் கைக்கிளையை இதன் அருகில் வைத்துப் பாருங்கள். அங்கே காதலுற்றவன் பேசிக்கொண்டே இருக்கிறான், மறுமொழி பெறுவதில்லை. பேச்சு உண்டு, பதில் இல்லை. எக்கோவுக்குப் பதில் உண்டு, பேச்சைத் தொடங்கும் உரிமை இல்லை. ஒரே நோயை இரண்டு நாட்டார் இரண்டு முனையிலிருந்து பார்த்திருக்கிறார்கள். கி.மு. இரண்டாம் நூற்றாண்டுக் கிரேக்கக் கவிஞன் மொஸ்கஸ் இதையே வேடிக்கையாகவும் ஆக்கினான்: பான் எக்கோவை விரும்ப, எக்கோ வேறொருவனை விரும்ப, அவன் லிடே என்ற இன்னொருத்தியை விரும்புகிறான். நம்மூர் ஒழுங்கைகளில் இது நடக்காததா?

கிரேக்கர் செய்த பெரிய காரியம், நிலமற்ற அந்தக் காதலுக்கு நிலம் கொடுத்தது. விரும்பியவரும் விரும்பப்பட்டவரும் நாணலாக, மரமாக, பூவாக, மலையின் குரலாக மாறினார்கள். ஹைக்கூ கேட்பது அந்தக் கடைசிக் காட்சியைத்தான். முழுக் கதையை அல்ல. இளையவர்கள் பலர் எக்கோ, நார்சிசஸ் என்று பெயரைப் போட்டுவிட்டால் கவிதை முடிந்தது என்று எண்ணுகிறார்கள். பெயரைப் போட்டால் அடிக்குறிப்பு வேண்டும். அடிக்குறிப்புக் கேட்கும் ஹைக்கூ, விளக்கம் சொல்ல வேண்டிய பகிடி மாதிரி. எங்கள் ஆழக்கிணறுகளை நினைத்து நானும் ஒன்று எழுதிப் பார்த்தேன்:

உன் பெயரைச் சொன்னேன்
கிணறு திருப்பித் தந்தது
என் குரலில்

இதைப் படிக்க ஓவிட்டைத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தெரிந்தவருக்கு அவள் உள்ளே இருப்பாள்.

நம் மரபிலும் அத்தகைய ஒரு காட்சி இருக்கிறது. புறநானூற்றில் மூன்று பாட்டுகள் (83, 84, 85) பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார் பாடியவை. சோழன் போர்வைக்கோப் பெருநற்கிள்ளியை அவர் விரும்பினார். அவன் அறிந்தானா என்பதற்குப் பாட்டிலே குறிப்பில்லை. அகத்தில் இடமின்றிப் புறத்திலே கைக்கிளையாகச் சேர்க்கப்பட்டார். மூன்றாவது பாட்டில் அவன் ஆடுகளத்தில் நிற்கிறான். வெற்றி அவனுக்கு என்பார் சிலர், இல்லை என்பார் சிலர். சிலம்பு ஒலிக்க ஓடிவந்து, தன் வீட்டுப் பனையடியிலே சார்ந்து நின்று, அவன் வென்றதை இவள் கண்டாள். அவ்வளவுதான் பாட்டு. அவனுக்கு வெற்றி, இவளுக்குச் சாய ஒரு பனை. இலக்கணம் மறுத்த மரநிழலைத் தானே தேடிக்கொண்ட அந்தப் பெண்ணை, எக்கோவுக்கு மேலாகவே நான் மதிக்கிறேன்.

அதே பனை வேறு விதமாகவும் பயன்பட்டிருக்கிறது. காதல் கைகூடாத ஆண், பனங்கருக்கு மட்டையாற் செய்த குதிரையில் ஏறி, எருக்கம்பூச் சூடி, அவள் உருவம் எழுதிய படத்துடன் ஊர்த்தெருவில் வருவது மடலேறுதல். பெண் மடலேறக் கூடாது என்பது விதி. கருக்கு உடம்பைக் கிழிப்பதை நினைத்து அந்த ஆணுக்காக உருகுகிறோம். ஆனால் நெய்தற்கலியில் ஒரு பாட்டு எப்படி முடிகிறது தெரியுமா? அவன் மடலேறிப் பாடியதைக் கேட்ட அவள் சுற்றத்தார், போரிலே தோற்றவர் பாண்டியனுக்குத் திறை கட்டுவதுபோல அவளைக் கொடுத்துவிடுகிறார்கள். திறை என்பதுதான் அங்கே உவமை. அவளை யாரும் கேட்டதாகப் பாட்டில் இல்லை.

கிரேக்கரும் இதில் நமக்குக் குறைந்தவர்கள் அல்லர். ஏதென்ஸ் நகரில் அந்தெரோஸ் என்ற தெய்வத்துக்கு ஒரு பீடம் இருந்ததைப் பயணி பவுசானியாஸ் கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் எழுதிவைத்தார். திமாகோரஸ் என்ற வந்தேறுகுடி, மெலெஸ் என்ற நகரக் குடிமகனை விரும்பினான். பாறையின் உச்சியிலிருந்து குதி என்று மெலெஸ் சொன்னான். அவன் குதித்து மாண்டான். கழிவிரக்கம் தாங்காமல் மெலெசும் குதித்தான். வந்தேறுகுடிகள் அந்தெரோசை, மாண்டவனுக்காகப் பழிவாங்கும் தெய்வமாக வணங்கினார்கள். ஏளனம் செய்த மெலெஸ்மேல் எனக்கும் கோபம்தான். ஆயினும் மறுத்தவரைத் தண்டிக்கத் தெய்வம் உண்டு. மறுக்கும் உரிமையைக் காக்க ஒன்றைக் காணவில்லை.

சில காலத்துக்கு முன், கவிதை எழுதும் ஒரு மாணவி தன் கொப்பியை என்னிடம் படிக்கத் தந்தார். கிரேக்கப் பெயர்கள் நிறைய இருந்தன. ஒரு பக்கத்தில் டாஃப்னி என்று தலைப்பிட்டு, பிறகு அதைத் தானே வெட்டியிருந்தார். கீழே இருந்த மூன்று வரிகளை அவர் அனுமதியுடன் சொல்கிறேன்:

வேலியோரம்
மரமாகி நிற்கிறேன்
இனியாவது போ

அப்பொலோ துரத்த ஓடிய டாஃப்னி, தன் தந்தையான நதித்தெய்வத்தை வேண்டி மரமானவள். காதலித்தவனின் புலம்பலைத்தான் நாம் தலைமுறை தலைமுறையாகப் படித்துவந்தோம். ஓடியவள் பேசினால் எப்படி இருக்கும் என்று இந்தப் பெண் யோசித்திருக்கிறார். தலைப்பை வெட்டியதும் நல்லதாயிற்று. உடுவிலில் எந்த வேலியிலும் கிளுவையோ பூவரசோ நிற்கிறது. “ஏன் தலைப்பை எடுத்தனீர்?” என்று கேட்டேன். “அந்தப் பெயர் இருந்தால், இது வேறெங்கோ நடந்தது என்று நினைத்துவிடுவினம்” என்றார்.

ஓவிட்டின் கதை மரத்தோடு முடியவில்லை. அப்பொலோ அந்த மரத்தையும் விடவில்லை. இனி நீ என் மரம் என்று சொல்லி, அதன் இலைகளைத் தன் முடிக்கும் யாழுக்கும் உரியதாக்கிக்கொண்டான். கவிஞர்களுக்கு மேல்நாட்டில் சூட்டிய வாகைமாலை அந்த இலையிற் கட்டியதுதான்.