பெயர் அறியாக் காய்ச்சல்

களனி கங்கை கடலோடு கலக்கும் இடத்திற்குச் சற்று மேலே, அதன் வடகரையில் அமைந்துள்ளது பேலியகொடை. 1895ஆம் ஆண்டில் விக்டோரியாப் பாலம் எழும்வரை அவ்வூர் மக்கள் படகுப் பாலத்தின் வழியாகவே கொழும்புக்கு வந்து போயினர். தாழ்ந்த நிலமாதலின், கங்கை பெருகினால் வெள்ளம் வாசற்படி ஏறும். வெள்ளம் வடிந்த பின்னர் காய்ச்சலுக்கு அஞ்சுவது இத்தகைய ஊர்களின் இயல்பு. இரண்டொரு நாளில் விட்டுப்போகும் காய்ச்சலைப் பற்றி எவரும் பெரிதாகக் கலங்குவதில்லை. பத்து நாள் சென்றும் தணியாது, சளியோ புண்ணோ வேறு அடையாளமோ காட்டாது உடலை உருக்கும் காய்ச்சலே வீட்டாரைக் கலக்குகின்றது. "இது என்ன காய்ச்சல்?" என்ற அவர்களது வினாவுக்கு விடை காணும் முறை மெல்ல மெல்ல உருவாயிற்று. அவ்வரலாற்றின் ஒரு பகுதி, கங்கைக்குத் தென்கரையில் உள்ள கொழும்பு நகரிலேயே நிகழ்ந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியிலும் காய்ச்சலே ஒரு நோயாகக் கருதப்பட்டது. விட்டு விட்டு வருவது முறைக்காய்ச்சல், விடாது நிற்பது தொடர்காய்ச்சல் என, தோற்றத்தைக் கொண்டே பெயர் இட்டனர். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வுண்டர்லிக் என்னும் பேராசிரியர் ஏறத்தாழ 25,000 நோயாளரின் உடல் வெப்பத்தை அளந்து, 1868இல் ஒரு நூலை வெளியிட்டார். காய்ச்சல் நோயன்று, நோயின் அறிகுறியே என்ற உண்மை அதன்பின் வேரூன்றிற்று. ஆயினும் அறிகுறிக்குப் பின்னால் மறைந்து நின்ற காரணம் வெளிப்படவில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, நெருப்புக் காய்ச்சல் என நம்மவர் வழங்கும் டைபாய்டையும் மலேரியாவையும் பிரித்தறிய இயலாத வைத்தியர்கள், இரண்டையும் இணைத்து 'டைபோ-மலேரியா' என ஒரு பெயரையே படைத்துவிட்டனர்.

பெயரில் நேர்ந்த பிழை பெயரோடு நின்றுவிடவில்லை. மலேரியாவை அடக்கும் கொயினா டைபாய்டுக்குப் பயன் தருவதில்லை. டைபாய்டின் மூன்றாம் வாரத்தில் குடல் புண்பட்டுத் துளை விழக்கூடும். அவ்வேளையில் கொடுக்கும் பேதி மருந்தே உயிருக்கு உலையாகலாம். காரணம் அறியாது செய்த வைத்தியம் எத்தனை இல்லங்களில் விளக்கை அணைத்திருக்கும் என்பதை யார் கணக்கிட வல்லார்!

1880இல் இரண்டு காரணங்கள் ஒருங்கே வெளிப்பட்டன. அல்ஜீரியாவில் லவரான் மலேரியாக் கிருமியைக் குருதியிற் கண்டார். ஏபர்த் என்பவர் டைபாய்டுக் கிருமியைக் கண்டார். 1896இல் பரிஸ் நகரில் விடால் என்பவர், டைபாய்டு நோயாளியின் குருதிநீர் அந்நோய்க் கிருமிகளைத் திரளச் செய்வதைக் கொண்டு நோயை அறியும் பரிசோதனையை வகுத்தார். ஆயின் ஒரு சிக்கல் எழுந்தது. டைபாய்டுக் கிருமிக்கு உறவான வேறு கிருமிகளும் அதே குருதிநீரில் திரண்டன. உண்மைக் குற்றவாளி யார்?

இவ்வினாவுக்கு விடை தந்தவர் அல்டோ கஸ்தெல்லானி என்னும் இத்தாலியர். குருதிநீரை ஒரு கிருமியோடு கலந்து வைத்து, பின்னர் அக்கிருமியை அகற்றவேண்டும். உண்மைக் கிருமியாயின் குருதிநீரின் திரட்டும் ஆற்றல் முழுவதையும் அது உறிஞ்சிவிடும். உறவுக் கிருமியாயின் தன் பங்கை மட்டுமே உறிஞ்சும். 1902இல் இம்முறையை வெளியிட்ட அவர், 1903இல் கொழும்பிலிருந்த கிருமியியல் நிலையத்தின் தலைவராக வந்து, 1915 வரை இலங்கையிற் பணிபுரிந்தார். டைபாய்டு போலவே தோன்றும் பராடைபாய்டுக் காய்ச்சல்களை ஆராய்ந்து, இவற்றையெல்லாம் ஒருங்கே தடுக்கும் கூட்டுத் தடுப்பூசியையும் உருவாக்கினார். இத்தகைய ஊசி முதல் உலகப் போரில் படைவீரர்க்குப் பெருமளவில் இடப்பட்டது.

அதே 1903இல், பாக்கு நீரிணைக்கு அப்பால் சென்னை அரசாங்கப் பொது வைத்தியசாலையில் மற்றொரு திரை விலகிற்று. மாதக்கணக்கிற் காய்ச்சல் நீடித்து, மண்ணீரல் வீங்கி, உடல் மெலிந்து இறப்போரை மலேரியா நோயாளர் என்றே பலரும் எண்ணியிருந்தனர். டொனவன் என்னும் வைத்தியர், உயிரோடிருந்த ஒரு சிறுவனின் மண்ணீரலிலிருந்து எடுத்த குருதியில் மலேரியாக் கிருமியல்லாத வேறொரு நுண்ணுயிரைக் கண்டார். இங்கிலாந்தில் லீஷ்மன் கண்டதும் அதுவே. காலா அசார் என்னும் கொடுநோயின் காரணம் இவ்வாறு துலங்கியது.

1961இல் அமெரிக்க வைத்தியர்களாகிய பீற்றர்ஸ்டோர்வ், பீசன் இருவரும் காரணம் புலப்படாக் காய்ச்சலுக்கு ஒரு வரையறை செய்தனர். 101 பாகைக்கு மேல், மூன்று வாரத்திற்கு மேல் நீடித்து, ஒரு வாரம் வைத்தியசாலையில் ஆராய்ந்த பின்னும் விளங்காதிருப்பதே அது. அத்தகைய நூறு பேரை அவர்கள் ஆராய்ந்தபோது 36 பேருக்குக் கிருமித் தொற்றும், 19 பேருக்குப் புற்றுநோய் முதலிய கட்டிகளும் காரணமாயிருந்தன. தொற்றுகளுள் காசநோயே முன்னின்றது. நெடுங்காய்ச்சலுக்குக் காரணம் பெரும்பாலும் அரிய நோயன்று. உருமாறி வந்த பழகிய நோயே.

இன்று பேலியகொடைக்காரர் ஒருவருக்குக் காய்ச்சல் நீடித்தால் வைத்தியரின் எண்ணம் வேறு வழியிற் செல்லும். 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடெனச் சான்று பெற்றது, ஆதலின், "அண்மையில் வெளிநாடு சென்றீரா?" என்று கேட்பார். டெங்கு பொதுவாக ஒரு வாரத்துக்குள் முடிவது. அதற்கு மேலும் நீடித்தால் வேறு காரணத்தைத் தேடுவார். "வெள்ளத்திலோ சேற்றிலோ கால் வைத்தீரா?" என்றும் வினவுவார். எலியின் சிறுநீர் கலந்த நீரால் பரவும் எலிக்காய்ச்சல் 2008இல் இந்நாட்டில் 7,000 பேருக்கு மேற்பட்டோரைத் தாக்கியதன்றோ! இருமலும் எடைக் குறைவும் உண்டோ என்பதையும் அவர் கேளாது விடார்.

ஆயினும் கண்டதையும் வாங்கி விழுங்கிவிட்டுப் பின்னர் வைத்தியசாலை செல்வோர், தம் குருதியில் உள்ள சான்றைத் தாமே அழித்துவிடுகின்றனர். கிருமிகொல்லி மருந்து உட்சென்றபின் எடுக்கும் குருதியிற் கிருமி வளராது போகலாம். அதனால் நோய் தீர்ந்ததென்று பொருளன்று. விடை மறைந்ததென்பதே பொருள். காய்ச்சலின் ஏற்ற இறக்கத்தை நாள்தோறும் நேரமிட்டுக் குறித்து வைக்கும் ஒரு தாளும், உட்கொண்ட மருந்துகளை ஒளியாது கூறும் நேர்மையும் வைத்தியருக்குப் பேருதவியாகும். காரணம் தெரியுமுன் பெயர் இடாதிருப்பதே, ஒரு நூற்றாண்டுக்கு மேல் நடந்த இம்முயற்சிகள் நமக்குக் கற்பித்த பாடம்.