எண்ணிக்கையும் வாய்மையும்: யாழ்ப்பாணத்துக் கிறித்தவப் போதனை வரலாற்றில் ஒரு நோக்கு

சமயப் போதகர் ஒருவர் மூவகைக் கடப்பாடு உடையவர். தாம் விளக்க எடுத்துக்கொண்ட திருநூலின் பொருளைத் திரிக்காது உரைத்தல் முதலாவது. தம் முன் அமர்ந்திருப்போரை அச்சத்தாலோ ஆசையாலோ மயக்காது, உள்ளத்தால் ஏற்கவோ மறுக்கவோ அவர்க்கு இடமளித்தல் இரண்டாவது. தம்மை அனுப்பியவர்க்குத் தம் பணியின் விளைவை உள்ளவாறு அறிவித்தல் மூன்றாவது. இம்மூன்றும் ஒருங்கே நிறைவேறிய காலங்கள் எந்தச் சமய வரலாற்றிலும் மிகச் சிலவே. ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய காலந்தொட்டு 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இங்கு நிகழ்ந்த கிறித்தவப் போதனையை இம்மூன்று கடப்பாடுகளையும் அளவுகோலாகக் கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒரு சமயத்தைப் போற்றுவதோ பிறிதொன்றைப் பழிப்பதோ இதன் கருத்தன்று.

அரசாணையும் போதனையும்

1619 இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் வசமாயிற்று. பிரான்சிஸ்கன் சபையினரும் இயேசு சபையினரும் ஊர்தோறும் கோயில்களை நிறுவிக் கத்தோலிக்க சமயத்தைப் பரப்பினர். 1658 இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றியபோது அக்கோயில்கள் அனைத்தும் அவர் கைக்கு மாறின. திருவுருவங்கள் அகற்றப்பட்டன, அதே கட்டிடங்களிற் சீர்திருத்தத் திருச்சபையின் வழிபாடு தொடங்கிற்று. கத்தோலிக்கக் குருமாருக்குப் புகலிடம் அளிப்போர் மரணதண்டனைக்கு உரியர் என்ற கட்டளையும் பிறந்தது. நேற்றுவரை கத்தோலிக்கராய் எண்ணப்பட்ட ஓர் ஊர், இன்று எவரும் எதனையும் புதிதாக நம்பாமலே, புரட்டஸ்தாந்து ஊராக எண்ணப்பட்டது. எண்ணிக்கைக்கும் வாய்மைக்குமிடையே தோன்றிய இடைவெளியின் தொடக்கம் இதுவே எனலாம்.

ஒவ்வொரு கோயிற்பற்றிலும் கோயிலோடு ஒரு பாடசாலை இணைந்திருந்தது. போதகர் மிகச் சிலராகவும் கோயிற்பற்றுக்கள் முப்பதுக்கு மேற்பட்டனவாகவும் இருந்தமையால், ஞாயிறுதோறும் சனங்களுக்குப் பிரசங்கத்தை வாசித்தவர் பெரும்பாலும் பாடசாலை ஆசிரியரே. ஞானஸ்நானத்தையும் விவாகத்தையும் பாடசாலைத் தோம்பிற் பதிந்தவரும் அவரே. பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பாத பெற்றோர் தண்டப்பணம் இறுத்தனர். சட்டப்படி செல்லத்தக்க விவாகத்துக்கும், அதனால் வரும் முதுசொத்துரிமைக்கும், அரசாங்க உத்தியோகத்துக்கும் தோம்பிற் பெயர் இருத்தல் வேண்டும்; தோம்பிற் பெயர் இருப்பதற்கு ஞானஸ்நானம் வேண்டும். காணியையும் பதவியையும் காக்க விரும்பிய குடும்பத்தலைவன் ஒருவன் ஞானஸ்நானத் தொட்டியை அணுகியதில் வியப்பு யாதுமில்லை. அவன் கேட்ட பிரசங்கம் எத்துணை உண்மையானதாயினும், அதற்குப் பின்னே தண்டமும் சலுகையும் நின்றமையால், இரண்டாவது கடப்பாடு தொடக்கத்திலேயே முறிந்துவிட்டது.

பல்டேயஸ் பாதிரியாரின் சான்று

இக்காலத்தை அறிவதற்குரிய தலையாய சான்று பிலிப்பஸ் பல்டேயஸ் பாதிரியாரின் நூலாகும். 1632 இற் பிறந்த இவர், 1658 தொடக்கம் 1665 வரை யாழ்ப்பாணத்திற் பணியாற்றினார். மலபார், சோழமண்டலக் கரை, இலங்கை ஆகியன பற்றிய இவரது பெருநூல் 1672 இல் ஆம்ஸ்டர்டாமில் ஒல்லாந்த மொழியில் வெளிவந்தது. தமிழ் நெடுங்கணக்கையும் தமிழிற் கர்த்தர் கற்பித்த செபத்தையும் ஐரோப்பியர்க்கு அச்சிற் காட்டிய தொடக்க நூல்களுள் இதுவும் ஒன்று.

பல்டேயஸ் தரும் கணக்கின்படி, 1660 களில் யாழ்ப்பாணப் பகுதியிற் கிறித்தவராகக் கணிக்கப்பட்டோர் அறுபதினாயிரத்துக்கு மேற்பட்டோராவர். கோயிற்பற்றுத் தோறும் எத்தனை பிள்ளைகள் பாடசாலைக்கு வந்தனர், எத்தனை பேர் விசுவாசப்பிரமாணத்தையும் பத்துக் கட்டளைகளையும் மனனஞ் செய்தனர் என்பனவற்றை அவர் கவனத்தோடு குறிக்கின்றார். இவ்வளவோடு நிறுத்தியிருப்பாராயின் அவர் நூல் ஒரு வெற்றி அறிக்கையாகவே அமைந்திருக்கும். அவர் நிறுத்தவில்லை. இம்மக்களுட் பலர் பெயரளவிலேயே கிறித்தவர் என்பதையும், முன்னோரின் வழக்கங்களை அவர் விட்டாரில்லை என்பதையும் தாமே ஒப்புக்கொள்கின்றார். தம் சபைக்குப் பகையான கத்தோலிக்க சமயத்தைச் சேர்ந்த பிரான்சிஸ் சவேரியாரின் உழைப்பையும் ஆர்வத்தையும் மனமுவந்து பாராட்டுகின்றார். 17 ஆம் நூற்றாண்டின் சமயப் பகைமைச் சூழலில் இது எளிதில் எதிர்பார்க்கக்கூடிய செயலன்று. மூன்றாவது கடப்பாட்டைப் பொறுத்தவரை பல்டேயஸ் பெரிதும் நேர்மையாளர் என்றே கொள்ளல் வேண்டும்.

எனினும் அவரது நேர்மைக்கும் ஓர் எல்லை இருந்தது. இந்து சமயக் கடவுளர் பற்றி அவர் எழுதிய பகுதி, மலபாரிற் பணிபுரிந்த இயேசு சபைக் குருவான யாக்கோபோ பெனிச்சியோவின் கையெழுத்து நூலைப் பெரிதுந் தழுவியதென்பதை, அந்நூலை 1933 இற் பதிப்பித்த சார்ப்பென்ரியர் எடுத்துக்காட்டினார். சவேரியாரைப் பெயர் சுட்டிப் புகழ்ந்த ஒருவர், தமக்கு அறிவுப்பொருள் வழங்கிய பிறிதொரு குருவின் உழைப்பைத் தமதுபோற் காட்டிவிட்டார். வாய்மை ஒரு துறையில் இருப்பின் எல்லாத் துறையிலும் இருக்கும் என்று கருதிவிடலாகாது என்பதற்கு இது தக்க உதாரணமாகும்.

திருவிருந்து கூறும் கணக்கு

பல்டேயசுக்குப் பின் எண்ணிக்கை மேலும் வளர்ந்தது. 17 ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் யாழ்ப்பாணக் கிறித்தவர் தொகை இலட்சத்தைக் கடந்ததென அறிக்கைகள் கூறின. 1690 இல் நல்லூரிலும் 1696 இற் கொழும்பிலும் செமினரிகள் தோன்றின. 1730 களிற் கொழும்பில் நிறுவப்பட்ட அச்சியந்திரம் சிங்களத்திலும் தமிழிலும் வினாவிடைகளையும் வேத நூற்பகுதிகளையும் வெளியிட்டது.

ஆயின் இவ்வறிக்கைகளுக்குள்ளேயே அவற்றை மறுக்கும் ஒரு சான்று அடங்கியிருந்தது. ஒல்லாந்தப் போதகர் ஞானஸ்நானத்தை யாவர்க்கும் தாராளமாக வழங்கினர். திருவிருந்துக்கோ மிகச் சிலரையே அனுமதித்தனர். தமது சமயக் கொள்கையின்படி இவ்விரு அருட்சாதனங்களும் பிரிக்கத்தக்கன அல்ல என்பதை அவர்கள் அறியாதவரல்லர். இப்பிரிவினை சரியோ தவறோ என்ற வினா கீழைத்தேசச் சபைகளுக்கும் ஒல்லாந்திலிருந்த தாய்ச்சபைக்குமிடையே நெடுங்காலம் விவாதிக்கப்பட்டது. போதகர் ஏன் இவ்வாறு செய்தனர்? ஞானஸ்நானம் அரசின் பதிவேட்டோடு பிணைந்திருந்தது; அதனை மறுத்தல் ஒருவனது சொத்துரிமையை மறுப்பதாகும். திருவிருந்தோ போதகரின் மனச்சாட்சிக்கு உட்பட்டது. எனவே தோம்பில் ஆயிரமாயிரமாக எழுதிய அதே கை, திருவிருந்து மேசையருகே விரல்விட்டு எண்ணியது. வெளியே அனுப்பிய அறிக்கையில் மறைந்த உண்மை அம்மேசையில் வெளிப்பட்டது. இக்காலக் கிறித்தவத்தின் உண்மையளவை அறிய விரும்பும் ஆய்வாளர் இவ்விரு தொகைகளையும் அருகருகே வைத்து நோக்குதல் இன்றியமையாதது.

சனங்களின் நிலையும் இரங்கத்தக்கதே. கோயில்களுக்குச் செல்லும் ஞானஸ்நானம் பெற்றோரைத் தண்டிக்கும் கட்டளைகள் 18 ஆம் நூற்றாண்டிலும் விதிக்கப்பட்டன. தோம்பில் ஒரு பெயரும் வீட்டில் ஒரு பெயருமாக, பகலில் ஒரு சடங்கும் இரவில் ஒரு சடங்குமாக வாழப் பழகிய சமூகம் அது. வாய்மையைப் போதிக்க வந்த நிறுவனம் பொய்ம்மையை வாழ்க்கை முறையாகப் பயிற்றியது என்பதே இவ்வரலாற்றின் பெருந்துயரம்.

அதிகாரமில்லாப் போதனை

இதற்கு நேர்மாறான ஒரு போதனையும் அதே காலத்தில் அதே மண்ணில் நிகழ்ந்தது. கோவாவைச் சேர்ந்த யோசேவ் வாஸ் அடிகள் 1687 இல், குருவென வெளிக்காட்டாது, ஏழைப் பரதேசியின் கோலத்தில் இங்கு வந்து சேர்ந்தார். யாழ்ப்பாணத்திற் சில்லாலை அவர் பணிக்கு நிலைக்களமாயிற்று. அவரைப் பின்பற்றியோர்க்குப் பதவி இல்லை, தண்டனையே உண்டு. பின்னர் கண்டியரசிற் புகலடைந்த அவர் 1711 இல் அங்கு மறைந்தார். 2015 இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராகப் பிரகடனஞ் செய்தார்.

மாறுவேடம் பூண்ட ஒருவரை வாய்மைக்கு எடுத்துக்காட்டாகக் கூறலாமோ என்ற வினா எழுதல் இயல்பே. வாஸ் அடிகள் தம்மை மறைத்தது அதிகாரிகளிடமிருந்து. தம்மை நாடி வந்தோரிடம் தாம் யார், தம்மைச் சேர்வதால் என்ன இழப்பு நேரும் என்பவற்றை அவர் மறைக்க இயலாது. அவர்களும் அறியாதிருக்க இயலாது. ஒல்லாந்தப் போதகரோ தம் பெயரை மறைக்கவில்லை. ஆயின் அவர் கூறிய செய்தியினின்றும் அரசாங்கத்தின் வற்புறுத்தலைப் பிரித்தறியக் கேட்போரால் இயலவில்லை. ஒல்லாந்தராட்சி மறைந்த பின்னரும் கத்தோலிக்க சமயம் கரையோர ஊர்களில் நிலைத்து நின்றமைக்கு இவ்வேறுபாடும் ஒரு காரணமெனக் கொள்ளலாம்.

கணக்குத் தீர்ந்த நாள்

1795 இல் யாழ்ப்பாணமும் 1796 இற் கொழும்பும் ஆங்கிலேயர் வசமாயின. கட்டாயம் தளர்ந்தது. 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையில் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட புரட்டஸ்தாந்தர் இருப்பதாகப் பழைய பதிவுகள் காட்டின. அத்தொகை சில ஆண்டுகளிற் கரைந்தொழிந்தது. 1806 இல் யாழ்ப்பாணம் வந்த குளோடியஸ் புக்கானன், பல்டேயஸ் வருணித்த கோயில்கள் பாழடைந்து கிடக்கக் கண்டார்.  அங்கிருந்த புரட்டஸ்தாந்தரைக் கவனித்தோருள் தரங்கம்பாடி மிசனிலிருந்து வந்த கிறிஸ்தியன் தாவீது என்னும் தமிழ் உபதேசியாரும் ஒருவர். நூற்று முப்பத்தேழு ஆண்டுகள் எழுதிய கணக்கு ஒரு தலைமுறைக்குள் தீர்ந்துபோயிற்று.

1816 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசனரிமார் இப்படிப்பினையை அறிந்திருந்தனர். டானியல் பூவர் முதலானோர் சார்ந்த சபை மரபின்படி, மனமாற்றத்துக்குரிய சான்றினை ஆராய்ந்த பின்னரே ஒருவரைச் சபையிற் சேர்த்தல் வேண்டும். நாற்பது ஆண்டு உழைப்பின் பின்னும் அவர்தம் சபை உறுப்பினர் சில நூற்றுவரே. அச்சிறு தொகையை அவர் மறைத்தாரில்லை. எனினும் வேறொரு வடிவில் பழைய இடர் மீண்டும் தோன்றியது. 1823 இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரி உணவும் உறைவிடமும் ஆங்கிலக் கல்வியும் வழங்கிற்று. ஆங்கிலக் கல்வி உத்தியோகம் வழங்கிற்று. தண்டம் நீங்கினும் சலுகை நீங்கவில்லை. 1855 இல் அமெரிக்காவிலிருந்து ஆய்வுக்கு வந்த றூபஸ் அண்டர்சன் குழுவினரின் வருகையை அடுத்துச் செமினரி மூடப்பட்டது. மாணவர் நாடியது நற்செய்தியையோ ஆங்கிலத்தையோ என்ற ஐயம் அம்முடிவுக்கான காரணங்களுள் ஒன்றாகும். தமிழ்க் கல்விக்கு அதனாற் பேரிழப்பு நேர்ந்தது. ஆயினும் தம் பணியின் பயனைத் தாமே ஐயுற்று வினவிய நேர்மையை மறுத்தற்கில்லை.

சொல்லும் பொருளும்

முதலாவது கடப்பாடாகிய திருநூற் பொருளுக்கு உண்மையாயிருத்தல், தமிழில் மொழிபெயர்ப்புப் பிரச்சினையாகவே பெரிதும் வெளிப்பட்டது. கடவுளைக் குறிக்கக் கத்தோலிக்கர் சருவேசுரன் என்றனர். பப்பிரிசியசு பராபரன் என்றார். பிற்கால ஐக்கிய மொழிபெயர்ப்பு தேவன் என்றது. ஒவ்வொரு சொல்லும் தமிழரிடையே முன்னரே ஒரு பொருள் வரலாற்றை உடையது. கொழும்பிற் பிறந்த தமிழ்ப் போதகர் பிலிப்பு தெ மெல்லோ திருத்திய புதிய ஏற்பாடு 1759 இல் அங்கு அச்சேறியது. தமிழ் தாய்மொழியாக உள்ள ஒருவரே இப்பணிக்கு உரியர் என்பதை அது உணர்த்திற்று.

இதன் உச்சநிலையை வெஸ்லியன் மிசனைச் சேர்ந்த பீற்றர் பேர்சிவல் பாதிரியாரின் மொழிபெயர்ப்பிற் காண்கின்றோம். அதற்குத் துணைநின்றவர் நல்லூர் ஆறுமுக நாவலர். சைவராகிய அவர் தாம் நம்பாத நூலைத் திரிபின்றித் தமிழாக்க உழைத்தார். அப்பணி நிறைவெய்தும் காலத்திலேயே, 1847 டிசெம்பர் 31 ஆந் திகதி, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தம் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். 1854 இல் அவர் வெளியிட்ட ‘சைவதூஷண பரிகாரம்’ விவிலியத்தை வரிவரியாகக் கற்ற ஒருவராலன்றி எழுத முடியாதது. சைவச் சடங்குகளைப் பழிக்கும் போதகர், தம் திருநூலின் பழைய ஏற்பாடு விதித்த சடங்குகளை மறந்தனர் என்பது அவர் வாதத்தின் சாரம். போதகர் தம் நூல் முழுவதற்கும் உண்மையாயிருத்தல் வேண்டும் என்று அவர்க்கு நினைவூட்டியவர் ஒரு சைவரே. பொருளுக்காகவும் உத்தியோகத்துக்காகவும் சமயம் மாறுதலை நாவலர் கடிந்ததும் இவ்வாய்மை நோக்கினாலேயாம். அவர் கண்டனம் தம் சமயத்தாரையும் விட்டுவைக்கவில்லை. சைவக் கோயில்களின் சீர்கேடுகளை அவர் அதே கடுமையோடு சாடினார்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் ஓர் உண்மை தெளிவாகும். யாழ்ப்பாணத்திற் போதனையின் வாய்மை கெட்டது பெரும்பாலும் போதகரின் தனிப்பட்ட தீயொழுக்கத்தால் அன்று. போதனையோடு காணியும் பதவியும் பிணைக்கப்பட்ட ஏற்பாட்டினாலேயாம். அவ்வேற்பாட்டினுள் நின்ற நல்லோரும் தம்மை அறியாமலே பொய்க்கணக்கு எழுதினர். அதனை உணர்ந்தவிடத்து, ஒரு நூலின் ஒப்புதலாகவோ திருவிருந்து மேசையின் தயக்கமாகவோ மூடப்பட்ட செமினரியாகவோ அவ்வுணர்வு வெளிப்பட்டது.

சுவடிக்கூடங்களில் இன்றும் பேணப்படும் ஒல்லாந்தர் காலத் தோம்புகளை நோக்கும்போது நாம் காண்பன நம் முன்னோர் பெயர்களே. அப்பெயர்களைக் கொண்டு அவரை மதம் மாறியோர் என்றும் ஏமாற்றியோர் என்றும் எளிதிற் கூறிவிடலாம். தம் நிலத்தையும் பிள்ளைகளையும் காக்க, கேட்கப்பட்ட விடையைக் கூறியவர் அவர். அவரிடம் வாய்மையை எதிர்பார்க்குமுன், வாய்மை கூறுவதற்குரிய உரிமை அவர்க்கு அளிக்கப்பட்டதா என்று வினவுதல் வரலாற்று மாணவராகிய நம் கடனாகும்.