அயல்தோல் கௌபாய் பூட்ஸ் (பழையவை)

அயல்தோல் கௌபாய் பூட்ஸ் என்பவை ஐக்கிய அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் தோன்றிய, உயர்ந்த குழலும் சரிந்த குதியும் கொண்ட சவாரிக் காலணிகளுள், மாட்டுத்தோலுக்குப் பதிலாக முதலை, பாம்பு, தீக்கோழி, விலாங்கு முதலிய உயிரினங்களின் தோலால் செய்யப்பட்டவை ஆகும். இத்தகைய தோல்களை அமெரிக்க வணிகத்தில் எக்சாட்டிக் தோல் என்பர். இக்கட்டுரையில் அது அயல்தோல் எனக் குறிக்கப்படுகிறது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலணிகளைச் சேகரிப்போர் பழையவை என வகைப்படுத்துகின்றனர்.

சேகரிப்பவர் முதலில் விடை காண வேண்டிய கேள்வி, காலணி எந்த விலங்கின் தோலால் ஆனது என்பதாகும். விலையை மட்டுமன்றி, அக்காலணியை விற்கலாமா, எல்லை கடந்து கொண்டு செல்லலாமா என்பதையும் அந்த விடையே தீர்மானிக்கிறது. வணிகப் பெயர்களை நம்பி இதற்கு விடை காண இயலாது.

வரலாறு

அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பின்னர் டெக்சாசிலிருந்து கான்சாஸ் தொடருந்து நிலையங்களுக்கு மாட்டு மந்தைகள் ஓட்டிச் செல்லப்பட்டன. அவ்வழியில் இருந்த சிற்றூர்ச் செம்மான்கள், மாடோட்டிகளின் தேவைக்கு ஏற்பக் காலணி தைக்கத் தொடங்கினர். கான்சாசின் ஓலேத்தா நகரில் ஹையர் குடும்பத்தினர் 1870களில் இத்தொழிலில் இறங்கினர். எச். ஜே. ஜஸ்டின் 1879 இல் டெக்சாசின் ஸ்பானிஷ் போர்ட் என்னும் ஊரில் தொடங்கி, பின்னர் நொக்கோனாவுக்கு இடம்பெயர்ந்தார். சிசிலியிலிருந்து குடியேறிய லூக்கேசி சகோதரர்கள் 1883 இல் சான் அன்டோனியோவிலும், டோனி லாமா 1911 இல் எல் பாசோவிலும் கடை திறந்தனர்.

தொடக்ககாலக் காலணிகள் உழைப்புக்கானவை. பெரும்பாலும் மாட்டுத்தோல் அல்லது கன்றுத்தோலால் ஆனவை. மேற்கத்தியத் திரைப்படங்கள், ரோடியோ போட்டிகள், நாட்டுப்புற இசைக் கலைஞர்களின் மேடை உடைகள் ஆகியவற்றின் செல்வாக்கால் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இவை அலங்காரப் பொருளாயின. அயல்தோலின் பயன்பாடும் அப்போதுதான் பெருகியது. ஜான் டிரவோல்டா நடித்து 1980 இல் வெளியான "அர்பன் கௌபாய்" திரைப்படம் இந்த மோகத்தை நகரங்களுக்கும் பரப்பியது.

தோலை இனங்காணல்

பத்து மடங்கு பெருக்கும் கைவில்லை ஒன்றும் நல்ல வெளிச்சமும் இருந்தால் பெரும்பாலான தோல்களை வேறுபடுத்திவிடலாம்.

முதலில் அத்தோல் உண்மையானதா என்று பார்த்தல் வேண்டும். மாட்டுத்தோலின் மீது அச்சு அழுத்தி முதலை அல்லது பல்லித் தோல் போல் தோன்றச் செய்வது பழைய வழக்கமாகும். அச்சுத் தோலில் ஒரே வடிவம் குறிப்பிட்ட இடைவெளியில் மீண்டும் மீண்டும் வரும். உண்மைத் தோலில் எந்த இரு செதில்களும் முற்றிலும் ஒத்திரா. செதில்களுக்கு இடையிலான பள்ளத்தில் மாட்டுத்தோலின் மயிர்த்துளைகள் தென்பட்டால் ஐயத்திற்கு இடமில்லை.

தீக்கோழித் தோலை இறகு முளைத்த இடத்திலுள்ள புடைப்புகளைக் கொண்டு அறியலாம். ஒவ்வொரு புடைப்பிலும் சிறு துளை காணப்படும். போலியில் புடைப்பு இருக்கும், துளை பெரும்பாலும் இராது. புடைப்புகள் பறவையின் முதுகுப் பகுதியில் மட்டுமே அடர்ந்திருப்பதால், காலணி முழுவதும் புடைப்புள்ள இணைகள் விலை மிக்கவை. தீக்கோழியின் கால்தோல் பெரிய செதில்களைக் கொண்டிருப்பதால் புதியவர்கள் அதனைப் பல்லித்தோல் எனக் கருதுவதுண்டு.

தமிழில் முதலை என்ற ஒரே சொல்லில் அடங்கும் விலங்குகளைத் தோல் வணிகம் குரோக்கடைல், அலிகேட்டர், கேமன் எனப் பிரிக்கிறது. குரோக்கடைலின் வயிற்றுச் செதில் ஒவ்வொன்றின் விளிம்பருகிலும் ஊசியால் குத்தியது போன்ற ஒரு புள்ளி இருக்கும். இது விலங்கின் உணர்வுறுப்பின் தடமாகும். அலிகேட்டருக்கு இவ்வுறுப்பு தாடைப் பகுதியில் மட்டுமே உள்ளதால் அதன் வயிற்றுத்தோலில் புள்ளி இராது. கேமனின் வயிற்றுச் செதில்களுக்குள் எலும்புத் தகடுகள் இருப்பதால், பதனிட்ட பின்னரும் தோல் விறைப்பாகவும் செதில்கள் நுண்குழிகளுடனும் காணப்படும். சாயமும் சீராகப் பிடிப்பதில்லை. கேமன் தோல் மலிவானது. விற்பனையாளர் "அலிகேட்டர்" என்று கூறும் பல இணைகள் உண்மையில் கேமனே.

"தேகு" எனப்படும் தென் அமெரிக்கப் பல்லியின் வயிற்றுத்தோல் வரிசையாக ஓடு பதித்தது போல் இருக்கும். வளையப் புள்ளிகள் கொண்ட "ரிங் லிசார்ட்" என்பது தென்கிழக்காசிய நீர் உடும்பாகும். இரண்டும் ஒரே பெயரில் விற்கப்பட்டாலும் நெருங்கிய உறவுடையவை அல்ல. "விலாங்குத் தோல்" என விற்கப்படுவதில் பெரும்பகுதி விலாங்கினுடையதன்று, தாடையற்ற ஹாக்மீனின் தோலாகும். மெல்லிய குறுகிய பட்டைகளை இணைத்துத் தைத்திருப்பதும், பட்டையின் நடுவே ஓடும் கோடும் இதன் அடையாளங்கள். திருக்கைத் தோலில் கண்ணாடி மணிகளைப் போன்ற கடினமான குமிழ்கள் நெருங்கி இருக்கும்.

பெயர்க் குழப்பத்தின் உச்சம் "ஆன்ட்ஈட்டர்" ஆகும். இச்சொல் தென் அமெரிக்காவின் பல்லற்ற எறும்புண்ணியைக் குறிக்க வேண்டும். ஆனால் 1970கள், 1980களின் டெக்சாஸ் பூட்ஸ் பட்டியல்களில் இது அழுங்கையே குறித்தது. தமிழ்ப் பேச்சு வழக்கிலும் அழுங்கை எறும்புத்தின்னி என அழைப்பதால், இத்தவறு நமக்கு வியப்பளிக்காது. செதில்களை நீக்கிய இடத்தில் எஞ்சும் பெரிய சாய்சதுரக் கட்டங்களைக் கொண்டு இத்தோலை எளிதில் அறியலாம்.

காலத்தைக் கணித்தல்

உட்புறத்தில் ஒட்டப்பட்ட அல்லது அச்சிடப்பட்ட நிறுவன முத்திரையே முதன்மையான சான்று. அதில் உள்ள ஊர்ப்பெயரைக் கவனித்தல் நன்று. ஜஸ்டின் நிறுவனம் 1925 இல் போர்ட் வொர்த் நகருக்கு இடம்பெயர்ந்தது. நொக்கோனாவிலேயே தங்கிவிட்ட மகள் எனிட் ஜஸ்டின் அதே ஆண்டில் தனி நிறுவனம் தொடங்கினார். ஆகவே "நொக்கோனா" என்பது ஒரு முத்திரையில் ஊராகவும் மற்றொன்றில் நிறுவனமாகவும் இருக்கலாம். நொக்கோனா ஊர்த் தொழிற்சாலை 1999 இல் மூடப்பட்டது. லூக்கேசி முத்திரையில் சான் அன்டோனியோ என்றிருந்தால், அந்நிறுவனம் 1980களில் எல் பாசோவுக்குச் செல்வதற்கு முந்தையதாகக் கொள்ளலாம். முகவரியில் சிப் எனப்படும் ஐந்திலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் அது 1963க்குப் பிந்தையது.

வடிவமும் துணை செய்யும். குழல் குட்டையான "பீவீ" வகை 1940கள், 1950களில் பரவலாக இருந்தது. ஆயினும் பழைய வடிவங்கள் அவ்வப்போது மீண்டும் தயாரிக்கப்படுவதால், வடிவத்தை மட்டும் நம்புவது சரியன்று. உள்ளங்கால் வளைவின் அடியில் அடித்தோலை மரஆணிகளால் பிணைத்திருப்பது நல்ல வேலைப்பாட்டின் அறிகுறி. அது காலத்தை உணர்த்தாது, இன்றும் கைவினைஞர்கள் அவ்வாறே செய்கின்றனர்.

சட்ட நிலை

சைட்டிஸ் எனப்படும் பன்னாட்டு உடன்பாடு 1975 இல் நடைமுறைக்கு வந்தது. அழுங்கின் எட்டு இனங்களும் 2016 இல் அதன் முதலாம் பட்டியலுக்கு மாற்றப்பட்டு, 2017 சனவரி முதல் அவற்றின் பன்னாட்டு வணிகம் தடைப்பட்டுள்ளது. உடன்பாட்டுக்கு முற்பட்ட பொருளெனில், அதற்கான சான்றிதழ் இன்றி எல்லை கடக்க இயலாது. "1979 இல் கடையில் வாங்கியது" என்ற வாய்மொழி சுங்கத்தில் செல்லாது.

கடலாமைத் தோல் இன்னும் சிக்கலானது. துடுப்பு, கழுத்துப் பகுதிகளிலிருந்து எடுக்கப்பட்ட மென்மையான இத்தோலுக்காக மெக்சிகோவின் பசிபிக் கரையில் பெருமளவில் பங்குனி ஆமைகள் கொல்லப்பட்டன. சென்னைக் கடற்கரையில் முட்டையிட வருவதும் இதே இனமே. மெக்சிகோ 1990 இல் கடலாமை வேட்டையை முற்றிலும் தடை செய்தது. ஐக்கிய அமெரிக்காவில் பச்சை ஆமையும் பங்குனி ஆமையும் 1978 முதல் அருகிவரும் உயிரினச் சட்டத்தின் கீழ் வருகின்றன. நூறாண்டுக்கு மேற்பட்ட தொல்பொருளுக்கு அச்சட்டத்தில் விலக்கு உண்டு. ஆனால் சந்தையில் உள்ள ஆமைத்தோல் பூட்ஸ் எதுவும் பொதுவாக அவ்வளவு பழையதன்று. எனவே வீட்டில் வைத்திருக்கக்கூடிய ஓர் இணையை மாநிலம் விட்டு மாநிலம் விற்பது குற்றமாகலாம்.

இதற்கு மாறாக அமெரிக்க அலிகேட்டர் 1967 இல் அருகிவரும் இனமாக அறிவிக்கப்பட்டு, 1987 இல் மீண்டுவிட்டதாக அறிவிக்கப்பட்டது. அதன் தோல் இன்று ஒழுங்குமுறைக்கு உட்பட்டு விற்கப்படுகிறது. மலைப்பாம்புத் தோல் பொருட்களைக் கலிபோர்னியா மாநிலம் தனிச்சட்டத்தால் தடுக்கிறது.

பேணுதல்

உலர்ந்து போன பழைய தோலை அணிந்து வளைத்தால் செதில் இடுக்குகளில் வெடிக்கும். அவ்வெடிப்பைச் சீர்செய்ய வழியில்லை. ஊர்வனத் தோலுக்குரிய தைலத்தைச் செதில் படிந்திருக்கும் திசையிலேயே மெல்லத் தேய்க்க வேண்டும். எதிர்த்திசையில் தேய்த்தால் பாம்புச் செதில்களின் விளிம்பு எழும்பிவிடும். காலணிகளை உள்ளே மரக்கட்டை இட்டு நிமிர்த்தி வைப்பர். ஈரமான பருவநிலையில் நெகிழிப் பைகளில் கட்டி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். பருத்தித் துணிப் பையே ஏற்றது.