சாம்பலுக்குள் தேடிய உப்பு

மூலிகையை ஆல்கஹாலில் ஊறவைத்து எடுக்கும் டிங்சர், ஐரோப்பிய மருந்துக்கடைகளுக்குப் பெருமளவும் ரசவாதிகளின் அடுப்படியிலிருந்து வந்தது. அதற்கு முதல் தேவை வீரியமான ஆல்கஹால். 12ஆம் நூற்றாண்டில், இத்தாலியின் சலேர்னோவில், ஒயினை வாலையில் காய்ச்சி வடிக்கும் குறிப்புகள் எழுதப்பட்டன. வடிந்தது தண்ணீர்போல் தெளிந்திருந்தும் தீப்பற்றியதால் அதை 'எரியும் நீர்' என்றார்கள். அடுத்த நூற்றாண்டில் பொலோனா மருத்துவர் தத்தேயோ அல்தெரோத்தி, ஆவி வரும் குழாயைக் குளிர்ந்த நீருக்குள் செலுத்தி வடிக்கும் முறையை எழுதிவைத்தார். ஆவி வீணாகாமல் இறங்கியது. திரும்பத் திரும்ப வடிக்க, வீரியமும் ஏறியது.

இந்த நீருக்கு ஒரு தத்துவத்தைக் கட்டியவர் ரூபெசிஸாவின் ஜான் என்ற பிரான்சிஸ்கன் துறவி. 1351-52 வாக்கில், அவிஞ்ஞோனில் போப்பாண்டவரின் சிறையில் இருந்தபடியே எழுதினார். ஆல்கஹாலில் போட்ட இறைச்சி அழுகுவதில்லை. ஆகவே அது மண், நீர், தீ, காற்று நான்கையும் கடந்த ஐந்தாவது சாரம், மனித உடலையும் அழுகாமல் காக்கும் என்பது அவர் கணக்கு. கணக்குத் தப்பினாலும் கூடவே அவர் சொன்ன உபாயம் பலித்தது: மூலிகையை அந்தச் சாரத்தில் போட்டால் அதன் குணம் சாரத்துக்குள் இறங்கிவிடும்.

சுவிட்சர்லாந்தின் ஐன்சீடெல்னில் 1493இல் பிறந்த பாராசெல்சஸ் இதை இன்னும் தூரம் கொண்டுபோனார். ரசவாதத்தின் வேலை தங்கம் செய்வதல்ல, மருந்து செய்வது என்று அடித்துப் பேசியவர். 1527இல் பாசல் நகர மருத்துவரானார். லத்தீனை விட்டு ஜெர்மனில் பாடம் நடத்தியது, மூத்த மருத்துவர்களை வாய்க்கு வந்தபடி ஏசியது என்று பகையைச் சம்பாதித்து, மறு ஆண்டே ஊரைவிட்டு ஓட வேண்டியதாயிற்று. 1541இல் சால்ஸ்பர்க்கில் இறந்தார். மருந்துச் சாரங்களைப் பற்றிய அவருடைய 'ஆர்க்கிடாக்ஸிஸ்' 1569இல்தான் அச்சேறியது.

எல்லாப் பொருளும் கந்தகம், பாதரசம், உப்பு என்ற மூன்றின் சேர்க்கை என்பது அவர் கோட்பாடு. இவை கடையில் வாங்கும் சரக்குகள் அல்ல. அவர் வழிவந்தவர்கள் செடியில் மணமும் நிறமும் தரும் எண்ணெயைக் கந்தகம் என்றும், ஆவியாகிப் பறக்கும் ஆல்கஹாலைப் பாதரசம் என்றும், எரித்தபின் சாம்பலில் மிஞ்சுவதை உப்பு என்றும் கொண்டார்கள். மூன்றையும் பிரித்து, தனித்தனியே சுத்தி செய்து, மறுபடி கூட்டினால் மருந்து. இந்த முறைக்கு ஸ்பாஜிரிக் என்று பெயர்.

உலர்ந்த மூலிகை என்றால் இடித்துக் கண்ணாடிக் குடுவையில் போட்டு, மேலே நாலு விரல் நிற்கும்படி ஆல்கஹால் ஊற்றி, காற்றுப் புகாமல் வாயை மூடுவார்கள். பிறகு வாரக்கணக்கில் இளஞ்சூடு வேண்டும். வெப்பமானி இல்லாத காலம். கைகண்ட வழி குதிரை லத்திக் குழி: லத்தி புளிக்கும்போது எழும் சூட்டில், குடுவையைப் புதைத்துவைத்தால் போதும், விறகும் மிச்சம். சூடு கூட வேண்டுமானால் வெந்நீர்த் தொட்டி, அதற்கும் மேல் மணல் தொட்டி. வெந்நீர்த் தொட்டியைப் பண்டைய எகிப்தின் பெண் ரசவாதி மரியாவின் பெயரால் அழைத்தார்கள்; பிரெஞ்சுச் சமையற்கட்டில் அந்தப் பெயர் இன்றும் புழங்குகிறது. சிலர் பெலிக்கன் என்ற குடுவையை வைத்திருந்தார்கள். அதன் தலையிலிருந்து இரண்டு குழாய்கள் வளைந்து வயிற்றுக்கே திரும்பும். மேலே ஏறிய ஆவி குளிர்ந்து, அதே மூலிகைமேல் ஓயாமல் வடிந்துகொண்டிருக்கும்.

பச்சை மூலிகைக்கு வழி வேறு. முதலில் நீராவியில் எண்ணெயை இறக்கி எடுத்துவைப்பார்கள். மீதியைப் புளிக்கவிட்டு, செடியின் சர்க்கரையிலிருந்தே ஆல்கஹால் வடிப்பார்கள். செடி தன் பாதரசத்தைத் தானே தருவதால் இதுவே உயர்ந்தது என்பது அவர்கள் எண்ணம்.

வடிகட்டியபின் மிஞ்சும் சக்கையைச் சாதாரண மருந்துக்காரர் கொட்டிவிடுவார். ஸ்பாஜிரிக்காரர் அங்கேதான் ஆரம்பிப்பார். சக்கையைக் கொளுத்தினால் முதலில் கருஞ்சாம்பல். அதை அரைத்து மறுபடி புடமிட, சாம்பல் நிறமாகி, கடைசியில் வெளுக்கும். வெண்சாம்பலை நீரில் கரைத்து, வடிகட்டி, அகன்ற தட்டில் வற்றவிட்டால் உப்புப் பூக்கும். சித்த மருத்துவத்தின் நாயுருவி உப்பை அறிந்தவர்களுக்கு இந்தப் பக்குவம் புதிதல்ல. இந்த உப்பை டிங்சரில் சேர்த்து, மறுபடி மூடி, இளஞ்சூட்டில் வைத்தால் வேலை முடிந்தது. உடலும் உயிரும் சேர்ந்துவிட்டன என்பார்கள். மூலிகைக்குரிய கிரகத்தின் கிழமையிலும் ஓரையிலும் ஒவ்வொரு படியையும் தொடங்குகிறவர்களும் உண்டு.

குடுவைக்குள் நடந்தது வேறு. அந்த உப்பில் பெரும்பங்கு பொட்டாசியம் கார்பனேட். வீரியமான ஆல்கஹாலில் அது கரையாது. ஆல்கஹாலில் கலந்திருக்கும் நீரை இழுத்துக்கொண்டு அடியில் தங்கும். கொண்டாடப்பட்ட சேர்க்கை பாதிதான் நடந்தது என்று சொல்ல வேண்டும்.

அந்த மூன்று மூலங்களின் கோட்பாட்டைப் பலமாக உலுக்கியவர் வேதியியலாளர் ராபர்ட் பாயில். எரிப்பதால் கிடைப்பவை செடிக்குள் முன்பே இருந்தவைதானா, தீயே உண்டாக்கியவையா என்று 1661இல் வெளிவந்த நூலில் கேட்டார். பாரிஸ் அறிவியல் கழகம் பல ஆண்டுகள் செடிகளை ஒவ்வொன்றாகக் காய்ச்சிப் பார்த்தது. அங்கே வில்ஹெல்ம் ஓம்பர்க், தின்னும் முட்டைக்கோஸையும் நச்சுச் செடியான நைட்ஷேடையும் ஒரே விதமாகக் காய்ச்ச, இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே கிடைத்தது. செடியின் தனிக்குணம் தீயில் போய்விடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

ஆல்கஹாலில் ஊறவைக்கும் பாதி மட்டும் அசையாமல் நின்றது. நீரில் எளிதில் கரையாத எண்ணெய், பிசின், ஆல்கலாய்டு பலவற்றை அது கரைக்கிறது, கெடாமலும் வைக்கிறது. பாயிலின் காலத்திலேயே லண்டன் மருத்துவர் தாமஸ் சிடன்ஹாம் ஸ்பானிய ஒயினில் 2 அவுன்ஸ் அபின், 1 அவுன்ஸ் குங்குமப்பூ, கொஞ்சம் லவங்கப்பட்டை, கிராம்பு போட்டு ஊறவைத்துச் செய்த லாடனத்தில் கிரகமும் இல்லை, சாம்பலும் இல்லை. வலிக்கு அது கேட்டது. பலரை அடிமையாக்கவும் செய்தது.

சாம்பல் முறை முழுக்க மறையவில்லை. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் கார்ல் ஃபிரெட்ரிக் சிம்பெல் அதற்கு மறுவாழ்வு கொடுத்தார். மூலிகையை ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைத்து வடித்து, சக்கையை எரித்த சாம்பலை வடிநீரில் ஊறவைத்து வடிகட்டுவது அவர் பெயரில் வழங்கும் முறை. ஜெர்மன் ஹோமியோபதி மருந்து விதிநூல், ஸ்பாஜிரிக் தாய்த் திரவங்களுக்கு இன்றும் இடம் கொடுத்திருக்கிறது.