பதிவேடும் உரிமையும்: தகவல் பெறும் உரிமைச் சட்டம், பிரிவு 4 குறித்து ஒரு வரலாற்று நோக்கு

தகவல் பெறும் உரிமை பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் மக்கள் போராட்டத்தில் தொடங்கிச் சட்டத்தில் முடிகின்றன. கேட்கப்படும் ஆவணம் எந்தப் பதிவறையில், எந்த எண்ணில் உள்ளது என்பது தெரியாவிடில் உரிமை பயன் தராது. ஆவணம் பேணும் முறையின் வரலாற்றோடு சேர்த்துப் படித்தால்தான் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் நலிவு விளங்கும் என இக்கட்டுரை கருதுகிறது.

சென்னை மாகாணம் ஆவணம் பேணுவதில் பின்தங்கியிருக்கவில்லை. தலைமைச் செயலக ஆவணங்களை ஓரிடத்தில் திரட்டும் பணி 1805இல் ஆளுநர் வில்லியம் பெண்டிங்க் காலத்தில் தொடங்கியது. அவற்றுக்கென எழும்பூரில் 1909இல் கட்டடம் எழுந்தது. மாவட்ட அலுவலகங்களில் டாட்டன்ஹாம் என்னும் ஆட்சிப்பணி அதிகாரியின் பெயரால் வழங்கும் முறை நிலைபெற்றது. வரும் ஒவ்வொரு தாளும் பகிர்மானப் பதிவேட்டில் எண் பெறும். அதனைக் கையாளும் எழுத்தர் தம் தன்பதிவேட்டில் குறித்துக்கொள்வார். முடிவுற்றதும் கோப்பு ஒரு வகைக்குள் சேரும். ஆர்.டிஸ். என்றால் நிலையாகக் காக்கப்படும், டி.டிஸ். பத்தாண்டு, கே.டிஸ். மூன்றாண்டு, எல்.டிஸ். ஓராண்டு. எழுத்தரின் சோம்பலையும் காட்டிக்கொடுக்கும் நுட்பமான ஏற்பாடு இது. ஆயினும் இதன் முகம் முழுவதும் உள்நோக்கியே இருந்தது. அலுவலகம் தன் கோப்பைக் கண்டெடுக்க வழிசெய்த இம்முறையில் மனுதாரருக்கு இடமில்லை. 1923ஆம் ஆண்டின் அலுவலக இரகசியச் சட்டம் அந்நிலையை மேலும் இறுக்கியது.

இராஜஸ்தானில் 1990இல் தோன்றிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் வேறொரு வழியைக் காட்டியது. 1994 முதல் அவ்வமைப்பு நடத்திய பொது விசாரணைகளில் வருகைப்பட்டியல்களும் பற்றுச்சீட்டுகளும் ஊரார் முன் வாசிக்கப்பட்டன. இறந்தோர் பெயரிலும் கூலி எழுதப்பட்டிருந்தது வெளிப்பட்டது. கூலி வாங்கியவர்களாதலின், எந்த ஆவணத்தில் பொய் எழுதப்படும் என்பதைத் தொழிலாளர் அறிந்திருந்தனர். ஆவணத்தின் பெயரைச் சொல்லியே கேட்டனர். அவ்வெற்றியில் இவ்வறிவுக்குரிய பங்கு போதிய அளவு பேசப்படவில்லை.

தமிழ்நாடு 1997இலேயே தகவல் உரிமைக்குத் தனிச் சட்டம் இயற்றியது. விலக்குகள் மிகுந்திருந்தமையால் அது பெயரளவிலேயே நின்றது. 2005ஆம் ஆண்டு மையச் சட்டம் ஆவணப் பேணலை நேரடியாகத் தொட்டது. அதன் பிரிவு 4(1)(அ), எல்லா ஆவணங்களையும் வகைப்படுத்தி அட்டவணைப்படுத்த வேண்டும் என்கிறது. அடுத்துவரும் 4(1)(ஆ), தாமே வெளியிட வேண்டிய விவரங்களுக்கு 120 நாள் கெடு விதிக்கிறது. அட்டவணைக்கு அத்தகைய கெடு இல்லை. கணினிமயமாக்கலும் நியாயமான காலத்துக்குள், வள வசதிக்கு உட்பட்டுச் செய்தால் போதும். பிரிவு 20இன் தண்டம், நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை, தனி விண்ணப்பத்தில் நேரும் தவறுக்கு உரியது. அட்டவணை இல்லாத அலுவலகத்தை அது தீண்டாது. அடித்தளத்துக்குக் கெடுவும் இல்லை, தண்டமும் இல்லை.

இதன் விளைவே ‘கோப்பு கிடைக்கவில்லை’ என்னும் விடை. சட்டம் பட்டியலிடும் விலக்குகளில் இது இடம்பெறவில்லை. முன்பு இருந்த ஆவணம் காணாமற்போனது என்று கூறுவது மட்டும் போதாது, முறையாகத் தேடிப் பொறுப்பை நிர்ணயிக்க வேண்டும் என்று தில்லி உயர் நீதிமன்றம் 2013இல் கூறியது. 1993ஆம் ஆண்டின் பொது ஆவணங்கள் சட்டமோ மைய அரசு, ஒன்றியப் பகுதிகள் ஆகியவற்றின் அலுவலகங்களையே கட்டுப்படுத்தும். மாநில அரசின் வட்டாட்சியர் அலுவலகம் அதன் எல்லைக்குள் வராது.

பிரிவு 4(1)(ஆ) கோருவதும் ஆவண வகைகளின் அறிக்கையையே. கோப்புகளின் பட்டியலை அன்று. பழைய தன்பதிவேடு இங்கேதான் உதவக்கூடும். முடிவுற்ற கோப்பின் எண், பொருள், காப்புக்காலம் ஆகிய மூன்றையும், தனிமனிதர் பெயர்களை நீக்கி, மாதந்தோறும் வெளியிட்டாலே கேட்பவருக்கு வழி திறக்கும். இதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை. ஆவணங்களைப் பேணும் முறையையும் அழிக்கும் முறையையும் மாற்றுமாறு பணிக்கும் அதிகாரம் பிரிவு 19(8)இன்படி தகவல் ஆணையத்திடமே உள்ளது.