பூட்டு ஊரிலிருந்து ஒரு பெயர்ப் பட்டியல் கதை

பி.காம். படிக்கிறவனுக்கு டைரக்டரி சர்வீஸ் எதற்கு என்று கேட்பீர்கள். எங்கள் கம்ப்யூட்டர் லேப்தான் காரணம். எல்லா கணினிக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல். அதையும் போர்டில் எழுதிப் போட்டிருப்பார்கள். போன செமஸ்டரில் எங்கள் குழுவின் டேலி ப்ராஜெக்ட் கோப்பை யாரோ அழித்துவிட்டார்கள். மூன்று வார உழைப்பு. யார் அழித்தது? எல்லோரும் ஒரே பெயரில் நுழைந்தால் எப்படித் தெரியும்?

எங்கள் ஊர் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் எவ்வளவு நல்ல பூட்டானாலும் அதற்குச் சாவியைத்தான் தெரியும், சாவி கொண்டு வந்த ஆளைத் தெரியாது. ஆளைத் தெரிய ஒரு பதிவேடு வேண்டும். இவர் யார், எந்தத் துறை, எதையெல்லாம் திறக்கலாம் என்று ஒரே இடத்தில் குறித்து வைத்து, வலைப்பின்னலில் உள்ள எல்லா கணினியும் அதைக் கேட்டு நடந்தால் அதுதான் டைரக்டரி சர்வீஸ்.

ஆரம்பத்தில் ஒவ்வொரு கணினியும் தன் பட்டியலைத் தானே வைத்திருந்தது. ஐம்பது கணினி என்றால் ஐம்பது பட்டியல். 1980-களின் நடுவில் சன் நிறுவனம் அதைப் பொதுப் பட்டியலாக்கி ‘யெல்லோ பேஜஸ்’ என்று பெயர் வைத்தது. அந்தப் பெயர் பிரிட்டிஷ் டெலிகாமின் வணிகக் குறியாம்! ‘என்ஐஎஸ்’ என்று மாற்ற வேண்டியதாயிற்று. கட்டளைகளின் முன்னால் மட்டும் ‘ஒய்பி’ என்ற இரண்டு எழுத்து இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

1988-ல் தொலைபேசித் துறையினரின் சர்வதேச அமைப்பும் ஐஎஸ்ஓவும் சேர்ந்து எக்ஸ்.500 என்ற தரத்தை வெளியிட்டன. நாடு, அதன் கீழ் நிறுவனம், அதன் கீழ் துறை, கடைசியில் ஆள் என்று மரம் போன்ற அமைப்பு. அருமையான யோசனை, ஆனால் அன்றைய சின்னக் கணினிகளுக்குத் தாங்க முடியாத பாரம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இருந்த டிம் ஹோவ்ஸ் வேறு சிலருடன் சேர்ந்து அதை இளைக்க வைத்தார். 1993-ல் வந்த அதுதான் எல்டாப். முதல் எழுத்துக்கே ‘எடை குறைந்த’ என்றுதான் பொருள். அதே ஆண்டு நோவெல் தன் டைரக்டரியைக் கொண்டு வந்தது. 2000-ல் மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ் டைரக்டரி வந்தது. அலுவலகங்களைப் பிடித்தது அதுதான்.

இனி நம்ம காமர்ஸ். 2001-ல் என்ரான் சரிந்ததும், 2002-ல் அமெரிக்கா சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டம் போட்டது. பில் போடுகிறவரே பணமும் கொடுக்கலாமா, வேலையை விட்டுப் போனவரின் கணக்கு இன்னும் திறக்கிறதா என்றெல்லாம் ஆடிட்டர்கள் துருவ ஆரம்பித்தார்கள். இங்கேயும் 2013 கம்பெனிச் சட்டத்தின் 143-ஆம் பிரிவு உள் நிதிக் கட்டுப்பாடுகள் பற்றி ஆடிட்டரிடம் கருத்துக் கேட்கிறது. நாம் ‘இன்டர்னல் செக்’ என்று மனப்பாடம் செய்கிற பாடத்தின் பாதி அந்தப் பெயர்ப் பட்டியலில் இருக்கிறது!

நூலகங்களுக்கு இன்ஃப்ளிப்நெட் அமைத்த ‘இன்ஃபெட்’ இன்னும் ஒரு படி மேலே. மாணவரின் கடவுச்சொல் பதிப்பகத்துக்குப் போகாது. “இவர் எங்கள் ஆள்” என்று அவருடைய நிறுவனம் சொன்னால் போதும். அந்த மென்பொருளின் பெயர் ஷிபோலெத். பைபிள் கதை அது. யோர்தான் ஆற்றைக் கடக்க வந்தவர்களை அந்தச் சொல்லைச் சொல்லச் சொல்லி, உச்சரிப்பு தவறியவர்களைக் கொன்றார்களாம். (நம் பக்கம் ‘வாளப்பளம்’ என்கிறவர்கள் ஆற்றைக் கடந்த மாதிரிதான்!)

ப்ராஜெக்ட்டைத் திரும்ப அடித்துக் கொடுத்தோம். நாங்கள் புகார் செய்ததில் லேபில் ஒரு நோட்டு வைத்திருக்கிறார்கள்: பெயர், நேரம், கணினி எண், கையெழுத்து. போன வாரம் புரட்டிப் பார்த்தேன். நான் லீவு போட்ட நாளில் என் பெயருக்கு நேராக யாரோ கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.